கேஸ் மாத்திரை காக்காத ஆறு மீட்டர்

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் ‘அரிதான பக்கவிளைவு’ என்று இருந்தால், ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறையில் அதற்கு ஓர் அளவு உண்டு. 10,000 பேரில் 1-க்குக் குறையாது, 1,000 பேரில் 1-ஐ எட்டாது. 10,000-ல் 1-க்கும் கீழே போனால் ‘மிக அரிது’. இந்த அளவின்படி ஒரு மாத்திரையை 10 லட்சம் பேர் விழுங்கினால், அரிதான பாதிப்பு 100 பேருக்குக் குறையாமல் 1,000 பேர் வரைக்கும் வரும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டினர் 7.21 கோடி. 72 பேரில் ஒருவர் வலி மாத்திரை எடுத்தாலே 10 லட்சம் ஆகிவிடுகிறது. ஒரு தெருவில் மூட்டுவலி, இடுப்புவலி, பல்வலிக்காக மருந்துக் கடைக்குப் போகிறவர்களை எண்ணிப் பார்த்தால், 72-ல் ஒருவர் என்பது தாராளமாகக் குறைத்துச் சொன்ன கணக்கு.

இங்கே பேசுவது ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென், அசெக்ளோஃபெனாக், கீட்டோரோலாக் போன்ற மருந்துகளைப் பற்றி. மருத்துவர்கள் இவற்றை ‘ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள்’ என்ற வகையில் வைக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் மூத்தது ஆஸ்பிரின். சந்தைக்கு வந்த ஆண்டு 1899. அது இரைப்பையின் உட்சுவரைச் சிவக்க வைப்பதை லண்டன் மருத்துவர்கள் உள்நோக்குக் கருவியால் நேரில் கண்டு எழுதியது 1938-ல். இடைவெளி 39 ஆண்டுகள். காரணம் தெரிய இன்னும் 33 ஆண்டுகள் ஆயின. 1971-ல் ஜான் வேன், இந்த மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று காட்டினார். 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் அதே பொருள்தான் குடலின் உட்பூச்சையும் காக்கிறது. மருந்து இரத்தத்தின் வழியாகவே இந்தக் காவலைக் குறைப்பதால், ஊசியாகப் போட்டாலும் ஆபத்து நீங்காது. “வெறும் வயிற்றில் போடாதே” என்ற அறிவுரை எரிச்சலைக் குறைக்கலாம். அதற்கு மேல் அதை நம்ப இடமில்லை.

பொதுமக்கள் அளவில் இதன் எடை என்ன என்பதற்கு இங்கிலாந்தின் மெர்சிசைடு பகுதியில் இரண்டு மருத்துவமனைகளில் எடுத்து 2004-ல் வெளியான கணக்கு தெளிவானது. சேர்க்கை 18,820. அதில் மருந்தின் பாதகமான விளைவோடு தொடர்புடையவை 1,225, அதாவது 6.5%. அந்த 1,225-ல் ஆஸ்பிரின் உட்பட இந்த வகை மருந்துகளின் பங்கு 363, அதாவது 29.6%. மொத்தச் சேர்க்கையோடு ஒப்பிட்டால் 363 என்பது 1.9%. ஆக, வார்டுக்கு வந்த ஏறக்குறைய 52 பேரில் ஒருவரின் வருகையில் ஒரு வலி மாத்திரைக்கோ ஆஸ்பிரினுக்கோ தொடர்பு இருந்தது. எல்லா மருந்துகளின் பாதிப்பையும் சேர்த்து, பிரிட்டனின் பொது மருத்துவச் சேவைக்கு ஆண்டுச் செலவு 46.6 கோடி பவுண்டு என்றும், படுக்கைகளில் 4% இதற்கே போகிறது என்றும் அந்த ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

அமெரிக்காவிலிருந்து அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் எண் 16,500. மூட்டு நோயாளிகளிடையே இந்த மருந்துகளால் ஓராண்டில் நேரும் இறப்பு என 1999-ல் வெளியான மதிப்பீடு அது. உடன் வந்த இன்னோர் எண், ஆண்டுக்கு 1,03,000 மருத்துவமனைச் சேர்க்கை. ஒரு சேர்க்கைக்கு 15,000 முதல் 20,000 டாலர் என்றால், செலவு 154.5 கோடி முதல் 206 கோடி டாலர். செலவுக் கணக்கு நிற்கிறது. இறப்புக் கணக்கைத்தான் கவனமாக எடுக்க வேண்டும். 16,500-ஐ 1,03,000-ஆல் வகுத்தால் 16% வருகிறது. இரத்தக்கசிவோடு சேர்க்கப்படுகிறவர்களில் 16% இறப்பு என்பது உயர்ந்த விகிதம். பின்னர் வந்த மதிப்பீடுகள் இதைவிடக் குறைவானவை. எண் பெரிதாக இருப்பதாலேயே அது நம் தரப்புக்கு உதவிவிடாது.

எல்லா மாத்திரையும் ஒன்றல்ல. 2012-ல் பல ஆய்வுகளைத் தொகுத்து, மருந்து எடுக்காதவர்களுக்கு 1 என்று வைத்து, மேல் குடல் பகுதியில் கசிவு, துளை போன்ற கடும் சிக்கலின் ஆபத்தை மருந்துவாரியாகக் கணக்கிட்டார்கள். அசெக்ளோஃபெனாக் 1.43, செலிகாக்சிப் 1.45, ஐபுப்ரோஃபென் 1.84, டைக்ளோஃபெனாக் 3.34, நிமெசுலைடு 3.83, நாப்ராக்சென் 4.10, இண்டோமெத்தசின் 4.14, பிராக்சிகாம் 7.43, கீட்டோரோலாக் 11.50. கீழிருந்து மேல்வரை வேறுபாடு 8 மடங்கு. நம் ஊரில் பல்வலிக்கு எளிதாகக் கைக்கு வரும் கீட்டோரோலாக், இந்த 9 மருந்துகளில் கடைசியில் நிற்கிறது; அமெரிக்காவில் அதைத் தொடர்ந்து 5 நாட்களுக்கு மேல் தரக்கூடாது என்பது விதி. மறுபக்கம், அசெக்ளோஃபெனாக்கின் 1.43-ஐப் பார்த்து ஆறுதல் அடைய முடியாது. அதன் நம்பக எல்லை 0.65 முதல் 3.15 வரை விரிகிறது. தரவு குறைவு என்பதே அதன் பொருள்.

இதே மருந்துகளை 2013-ல் வேறு வழியில் அளந்தார்கள். மருந்தையும் வெற்று மாத்திரையையும் ஒப்பிட்ட 280 சோதனைகள், 1,24,513 பேர். ஒரு மருந்தை இன்னொன்றோடு ஒப்பிட்ட 474 சோதனைகள், 2,29,296 பேர். நாளுக்கு 2,400 மி.கி. ஐபுப்ரோஃபென் எடுத்தவர்களுக்கு மேல் குடல் சிக்கல் 3.97 மடங்கு, 1,000 மி.கி. நாப்ராக்சென் 4.22, 150 மி.கி. டைக்ளோஃபெனாக் 1.89. ஐபுப்ரோஃபென் ஓரிடத்தில் 1.84, இன்னோரிடத்தில் 3.97. முதல் எண் மக்கள் நடைமுறையில் எடுத்த அளவிலிருந்து வந்தது. இரண்டாவது, 400 மி.கி. மாத்திரை 6 போடும் அளவிலிருந்து. அளவைக் கூட்டினால் ஆபத்து கூடுகிறது என்று படிப்பது நியாயம். ஆனால் டைக்ளோஃபெனாக் இந்தப் படிப்புக்கு ஒத்துவரவில்லை. நடைமுறை ஆய்வில் 3.34, கட்டுப்படுத்திய சோதனையில் 1.89. யாருக்கு எந்த மருந்தை எழுதுகிறார்கள் என்பதும் நடைமுறை எண்ணுக்குள் கலந்திருக்கும். இரண்டு அட்டவணையும் ஒத்துப்போகும் இடம் நாப்ராக்சென்: 4.10, 4.22.

மடங்கை ஆட்களாக மாற்றினால்தான் வாசகருக்குப் பயன். மருந்தே எடுக்காத 1,000 பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கு மேல் குடல் சிக்கல் வருவதாக வைத்துக்கொள்வோம். ஐபுப்ரோஃபெனின் 1.84-ல் கூடுதல் 0.84 பேர். நாப்ராக்செனின் 4.10-ல் கூடுதல் 3.1. கீட்டோரோலாக்கின் 11.50-ல் கூடுதல் 10.5. அடிப்படை ஆபத்து ஆண்டுக்கு 1,000-ல் 5 ஆக உள்ள முதியவர்களிடம் இவை 4.2, 15.5, 52.5 என்று ஆகும். மாத்திரை அதேதான். விழுங்குகிறவரின் வயதும் முன்பு புண் இருந்ததா என்பதும் விடையை மாற்றிவிடுகின்றன.

சேர்க்கை மாத்திரைகளைப் பற்றிய ஒரு கணக்கு இந்தியாவுக்கு நேராகப் பொருந்தும். 2011-ல் பிரிட்டனில் முழங்கால் வலியுள்ள 892 பேரை 4 குழுவாகப் பிரித்து, பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென், இரண்டும் சேர்ந்த மாத்திரை வேளைக்கு 1, அதுவே வேளைக்கு 2 என்று கொடுத்துப் பார்த்தார்கள். 13 வாரத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 1 கிராமோ அதற்கு மேலோ இறங்கியவர்கள்: பாரசிட்டமால் 20.3%, ஐபுப்ரோஃபென் 19.6%, சேர்க்கை ஒன்று 24.1%, சேர்க்கை இரண்டு 38.4%. கடைசிக் குழு நாளுக்கு எடுத்தது 1,200 மி.கி. ஐபுப்ரோஃபெனும் 3,000 மி.கி. பாரசிட்டமாலும். வெற்று மாத்திரைக் குழு இல்லாததால் 20% என்ற அடித்தளத்தை விளக்குவது கடினம். அந்த அடித்தளத்துக்கு மேல் 18 புள்ளி ஏறியதை ஒதுக்குவது அதைவிடக் கடினம். வயிற்றுக்குத் தீங்கில்லாதது என்று பாரசிட்டமாலைக் கூடச் சேர்க்கிறோம். முழு அளவில் இரண்டும் சேரும்போது அந்த நினைப்பை இந்த எண் ஆதரிக்கவில்லை. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தடை செய்த 156 சேர்க்கை மருந்துகளில் அசெக்ளோஃபெனாக் 50 மி.கி., பாரசிட்டமால் 125 மி.கி. சேர்ந்த மாத்திரையும் ஒன்று.

இனி கேஸ் மாத்திரைக்கு வருகிறேன். அமிலத்தைக் கட்டுப்படுத்தும் ஓமிப்ரசோல் விற்பனைக்கு வந்தது 1988-ல். அதன் வழியில் பான்டப்ரசோல், ரேபிப்ரசோல் என்று வந்தன. இன்று வலி மாத்திரைச் சீட்டில் காலையில் ஒன்று என்று இதுவும் இருக்கும். இரைப்பையிலும் அதை ஒட்டிய முன்சிறுகுடலிலும் இது நன்றாகவே வேலை செய்கிறது. ஸ்பெயினில் 10 பொது மருத்துவமனைகளின் பதிவு இதைக் காட்டுகிறது. மேல் குடல் சிக்கலுக்கான சேர்க்கை 1996-ல் 1 லட்சம் பேருக்கு 87, 2005-ல் 47. பத்தாண்டில் 46% இறக்கம். இதில் கேஸ் மாத்திரைக்கும், புண்ணுக்குக் காரணமான கிருமியை ஒழிக்கும் சிகிச்சைக்கும் பங்கு உண்டு.

அதே பதிவேட்டின் அடுத்த வரி: கீழ்க்குடல், அதாவது முன்சிறுகுடலுக்குக் கீழே உள்ள பகுதியின் சிக்கல், 1996-ல் 1 லட்சத்துக்கு 20, 2005-ல் 33. ஏற்றம் 65%. மேலும் கீழும் கூட்டினால் 107 என்பது 80 ஆகியிருக்கிறது. மொத்தம் குறைந்தது நல்ல செய்தி. ஆனால் மொத்தத்தில் கீழ்க்குடலின் பங்கு 19%-லிருந்து 41%-க்குப் போய்விட்டது. மக்கள் வயதானதும், நோயைக் கண்டறியும் முறைகள் வளர்ந்ததும் இதில் கலந்திருக்கலாம். எனவே ஏற்றம் முழுவதையும் வலி மாத்திரையின் கணக்கில் எழுத முடியாது.

அதன் கணக்கில் எழுதக்கூடியதற்கு 2000-ல் வெளியான வேறொரு சோதனை உண்டு. முடக்குவாதம் உள்ள 8,076 பேரில் ஒரு பாதிக்கு நாப்ராக்சென், மறுபாதிக்கு ரோஃபிகாக்சிப் என்ற வேறொரு வலி மாத்திரை. உறுதிசெய்த மேல் குடல் நிகழ்வு 100 நோயாளி-ஆண்டுக்கு 4.5, 2.1. கீழ்க்குடலின் கடும் நிகழ்வுகளைத் தனியே பிரித்து 2003-ல் எழுதினார்கள்: நாப்ராக்சென் 0.89, ரோஃபிகாக்சிப் 0.41. நாப்ராக்சென் குழுவில் குடல் தொடர்பான கடும் நிகழ்வுகள் எல்லாவற்றிலும் 39.4% கீழ்ப்பகுதியில் நடந்தவை. ஐந்தில் இரண்டு. (ரோஃபிகாக்சிப் பிழைக்கவில்லை. அதே சோதனையில் மாரடைப்பு 0.4%, நாப்ராக்சென் குழுவில் 0.1%, 2004 செப்டம்பர் 30 அன்று அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.)

சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர். வாய்வழி எண்டோஸ்கோபி அதன் முதல் பகுதியைத் தாண்டாது; ஆசனவாய் வழிக் கருவி கடைசிச் சில சென்டிமீட்டரை எட்டும். நடுவில் உள்ளதை நோயாளி உயிரோடு இருக்கையில் முழுமையாகப் பார்க்க வழி இல்லாமல் இருந்த காலத்தில், 1992-ல் 713 பிரேதப் பரிசோதனைகளின் கணக்கு வந்தது. வலி மாத்திரை எடுத்திருந்த 249 பேரில் 8.4% பேருக்குச் சிறுகுடலில் புண். எடுக்காத 464 பேரில் 0.6%. ஆள் கணக்கில் 21-ம் 3-ம். நீண்ட காலம் எடுத்தவர்களில் 3 பேர் சிறுகுடல் துளைபட்டு இறந்திருந்தார்கள். இந்தக் கட்டுரைக்காகத் திரட்டிய எண்களில் என்னை அதிகம் பாதித்தது இந்த 21. உயிரோடு இருந்தபோது அந்தப் புண்களைப் பார்க்க மருத்துவத்திடம் கண் இருக்கவில்லை.

கண் 2001-ல் கிடைத்தது. 26 மி.மீ. நீளம், 11 மி.மீ. அகலம், 4 கிராமுக்கும் குறைவான எடை. விழுங்கும் கேப்சூல் கேமரா. நொடிக்கு 2 படம் வீதம் 8 மணி நேரம் ஓடினால் 57,600 படம். 2005-ல் இதைக் கொண்டு மூன்று கணக்குகள் வந்தன. முதலாவதில், மூட்டுவலிக்காக 3 மாதத்துக்கு மேல் மாத்திரை எடுத்த 21 பேரில் 71% பேருக்குச் சிறுகுடலில் சேதம். எடுக்காத 20 பேரில் 10%. இரண்டாவதில், உடல்நலமுள்ள 40 பேருக்கு 14 நாள் டைக்ளோஃபெனாக், கூடவே ஓமிப்ரசோல் 20 மி.கி.; 68% பேருக்குப் புதிய காயம். மூன்றாவதே பெரியது: 356 பேர், 2 வாரம். நாப்ராக்செனும் ஓமிப்ரசோலும் எடுத்தவர்களில் 55% பேருக்கு உட்சுவர் உரிந்திருந்தது, செலிகாக்சிப் 16%, வெற்று மாத்திரை 7%. ஆளுக்குச் சராசரி 2.99, 0.32, 0.11 இடங்கள். இரண்டு ஆய்வில் கேஸ் மாத்திரை கூடவே இருந்தது. சிறுகுடலில் அடக்குவதற்கு அமிலம் கிடையாது; அங்கே கிளறிவிடுவது பித்தமும் நுண்ணுயிரிகளும். மேலும் டைக்ளோஃபெனாக், இண்டோமெத்தசின் போன்றவை கல்லீரலிலிருந்து பித்தத்தோடு மறுபடியும் குடலுக்கே வந்து சேர்கின்றன.

இந்த 55%-ஐயும் 68%-ஐயும் நோய் என்று எழுதிவிடக்கூடாது. பெரும்பாலானவை சிறு உரிவுகள். மருந்தை நிறுத்தினால் ஆறுபவை. உண்மையில் துன்பம் தந்தது எவ்வளவு என்பதற்கு 2010-ல் வெளியான 4,484 பேர் கணக்கு உதவும். 32 நாடுகள், 196 மையங்கள், 6 மாதம். செலிகாக்சிப் குழுவில் மேலும் கீழும் சேர்ந்த முக்கியக் குடல் நிகழ்வு 0.9%, டைக்ளோஃபெனாக், ஓமிப்ரசோல் குழுவில் 3.8%. நான்கு மடங்குக்கும் அதிகம். பெரும்பான்மையானவை ஹீமோகுளோபின் 2 கிராமோ அதற்கு மேலோ குறைந்த நிகழ்வுகள். அதற்கு நேர்மாறான கணக்கும் உண்டு. 34,701 பேரை வைத்து எட்டோரிகாக்சிப்பையும் டைக்ளோஃபெனாக்கையும் ஒப்பிட்டபோது, கீழ்க்குடல் நிகழ்வு 100 நோயாளி-ஆண்டுக்கு 0.32, 0.38. வேறுபாடு புள்ளியியல் பொருளுடையதாக இல்லை.

ஜப்பானில் 57 பேரிடம் நடந்து 2016-ல் வெளியான சோதனை இன்னும் ஒருபடி போனது. எல்லோருக்கும் செலிகாக்சிப். ஒரு குழுவுக்கு ரேபிப்ரசோல், மற்றதற்கு வெற்று மாத்திரை. 2 வாரத்தில் சிறுகுடல் காயம் ரேபிப்ரசோல் குழுவில் 44.7%, மற்றதில் 16.7%. அமிலம் குறைந்தால் குடல் நுண்ணுயிரிகளின் கூட்டம் மாறுகிறது; அதனால் இருக்கலாம். 57 பேர் சிறிய எண்ணிக்கை. இரைப்பையில் புண் வந்தவர்கள் இதைப் படித்துக் கேஸ் மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது. இரைப்பைக் கசிவு ஒருமுறை வந்தவர்களுக்கு அது உயிர்காக்கும் மருந்து. ஹாங்காங்கில் அப்படிப்பட்ட 514 பேரில், எசோமிப்ரசோலோடு செலிகாக்சிப் எடுத்தவர்களில் 18 மாதத்தில் மறுபடி கசிந்தவர்கள் 5.6%; எசோமிப்ரசோலோடு நாப்ராக்சென் எடுத்தவர்களில் 12.3%.

உண்மையிலேயே அரிதான ஒன்று உண்டு. ஓமிப்ரசோல் கடைக்கு வந்த அதே 1988-ல் பிரிட்டனில் 7 நோயாளிகளின் குடல் துண்டுகளை வைத்து அதை விவரித்தார்கள். ஆறிய புண் தழும்பாகி, குடலுக்குள் வளையம் வளையமாக மெல்லிய தடுப்பு எழுப்புகிறது. நடுவில் சில மி.மீ. துளை மட்டும் மிச்சம். உதரவிதானம் போலத் தெரிவதால் ‘டயாஃப்ரம் நோய்’ என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால் குடல் நன்றாகவே இருக்கும். அறுவை மருத்துவரின் கைக்கும் பிடிபடாமல் போகலாம். சாப்பிட்ட பின் முறுக்கி எடுக்கும் வலி, எடை இழப்பு, காரணம் தெரியாத இரத்தசோகை. படம் எடுக்க விழுங்கிய 11 மி.மீ. கேப்சூலே அந்தத் துளையில் சிக்கிக்கொள்வதும் உண்டு. பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் மாத்திரை எடுத்தவர்கள். நாளுக்கு 400 மி.கி. ஐபுப்ரோஃபென் 3 என்றால் ஓராண்டில் 1,095 மாத்திரை, 438 கிராம் மருந்து. பத்தாண்டில் 4.38 கிலோ.

எளிதில் தவறவிடப்படுவது மெல்லிய கசிவு. சிறுகுடல் பாதிக்கப்பட்டவர்களிடம் நாளுக்கு 2 முதல் 10 மி.லி. இரத்தம் கசிவதை அளந்திருக்கிறார்கள். மலத்தில் கண்ணுக்குத் தெரியாது. 1 மி.லி. இரத்தத்தில் இரும்புச்சத்து ஏறத்தாழ 0.5 மி.கி. எனவே நாளுக்கு 2 மி.லி. கசிவில் 1 மி.கி. போகும். உடல் உணவிலிருந்து நாளுக்கு உறிஞ்சுவதே 1 முதல் 2 மி.கி. குறைந்தபட்சக் கசிவே வரவில் பாதி முதல் முழுவதும் வரை தின்றுவிடும், 10 மி.லி. என்றால் 5 மி.கி., எந்தச் சாப்பாடும் ஈடுகட்டாது. இந்த இடத்தில் தமிழ்நாட்டின் எண்ணைப் பக்கத்தில் வைக்க வேண்டியிருக்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள் 2015-16-ல் 55.0%, 2019-21-ல் 53.4%. இதற்குக் காரணம் வலி மாத்திரை என்று சொல்ல எந்தத் தரவும் என்னிடம் இல்லை. உணவு, மாதவிடாய், பிரசவம், கொக்கிப்புழு என்று பெரிய காரணங்கள் முன்னால் நிற்கின்றன. ஆனால் பாதிப் பேருக்கு ஏற்கெனவே இரத்தம் குறைவாக உள்ள ஊரில், இடுப்புவலிக்கு மாத்திரை போடும் ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 10-லிருந்து 9-க்கு இறங்கினால், யாரும் மாத்திரை அட்டையைக் கேட்க மாட்டார்கள். இரும்பு மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள்.

சிறுகுடல் புண்ணை ஆற்றும் என்று சோதனையில் நிரூபித்தது ஒன்றுதான் குறிப்பிடத்தக்கது: புரோஸ்டாகிளாண்டின் போலவே செயல்படும் மிசோப்ரோஸ்டால். 1995-ல் 8,843 முடக்குவாத நோயாளிகளிடம், மேல் குடல் கடும் சிக்கல் மிசோப்ரோஸ்டால் குழுவில் 4,404-ல் 25, வெற்று மாத்திரைக் குழுவில் 4,439-ல் 42, 40% குறைவு. வயிற்றுப்போக்கு முதலிய தொல்லையால் முதல் மாதத்திலேயே விலகியவர்கள் 20%, மற்றதில் 15%. கருவைக் கலைக்கும் என்பதால் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. சிறுகுடலில் அதை 2018-ல்தான் சரியாகச் சோதித்தார்கள். ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ எடுத்து, கசிவின் மூலம் தெரியாமல், சிறுகுடலில் புண் இருந்த 102 பேர். 200 மைக்ரோகிராம் நாளுக்கு 4 வேளை, 8 வாரம். முழுதாக ஆறியவர்கள் 50-ல் 27, அதாவது 54%. வெற்று மாத்திரையில் 52-ல் 9, அதாவது 17%. மருந்து எடுத்தும் ஆறாதவர்கள் 23 பேர். அவர்களுக்கு மட்டுமல்ல, அந்தக் கேமராவை விழுங்க வாய்ப்பே கிடைக்காத எவருக்கும், கைக்கு எட்டும் முதல் வைத்தியம் மாத்திரையின் அளவையும் நாட்களையும் மருத்துவரோடு உட்கார்ந்து எண்ணுவதுதான். நாளுக்கு 2 என்றால் ஆண்டுக்கு 730 மாத்திரை; 10 மாத்திரை கொண்ட அட்டை 73.